உறவுமுறை: அண்ணன்

லைப்சிக்
12 பிப்ரவரி 2024

அன்புள்ள தம்பி ஜெயராமனுக்கு,

குஞ்சிதபாதம் எழுதுவது. நீயும் பேச்சியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று வழக்கம்போல எழுத முடியவில்லை. பொங்கலுக்கு மறுநாள் உன் அண்ணி செங்கமலத்துக்கு இரண்டாவது முறையாகப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. நினைவு போகவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, ஒரு கட்டிலையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டனை அழுத்தினால் தலைமாடு உயரும் கட்டில். ஹாலில் பாதியை அது எடுத்துக்கொண்டது. மீதியில் நாங்கள் நடமாடுகிறோம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பது வருடம் சுரங்கத்தில் மண் வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து உனக்குக் காது போய்விட்டது. இவளுக்கு இப்போது வாய் போய்விட்டது. உங்கள் இருவருக்கும் நடுவில் போன் என்ன செய்யும்? அதனால் காகிதத்தில் எழுதி, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய். அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

விஷயம் இதுதான். நெய்வேலியில் பிளாக் ஏழில், 114, 115 வீட்டு வாசலில் நாம் நால்வரும் நின்று எடுத்த படம் இங்கே சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் பேச்சியின் முகத்தை இடது கை விரலால் தட்டுகிறாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. “பேச்சி வரணுமா?” என்றால் கண்ணை மூடித் திறக்கிறாள். இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்கிறார் டாக்டர். எப்போது வரும் என்று கேட்டால் தனக்கும் தெரியாது என்கிறார். அவர் நேர்மையான மனிதர்.

நீங்கள் இருவரும் ஒருமுறை வர முடியுமா? டிக்கெட்டை மகள் இசைப்பிரியா பார்த்துக்கொள்வாள். கட்டில் இருப்பதால் ஹாலில் படுக்க இடம் இல்லை. சமையலறையில் பாய் போட்டுக்கொள்ளலாம்.

கீழே இருப்பது செங்கமலம் போட்ட கையெழுத்து. இடது கையில் பேனாவைக் கொடுத்தேன். கோலத்துக்கு வைப்பது போல மூன்று புள்ளி வைத்தாள். மூன்றும் மூன்று திசையில் போயின. கடைசிப் புள்ளியில் காகிதம் கிழிந்துவிட்டது.

உன் அண்ணன்
குஞ்சிதபாதம்


நெய்வேலி, பிளாக் 27
17 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயராமன் வணக்கமாக எழுதுவது. நானும் பேச்சியும் நலம். காது மட்டும் போன வருடத்தைவிட நலம் குறைவு. அண்ணிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

கடிதத்தைப் பேச்சிக்கு வாசித்தேன். கேட்டு முடித்தவள் எழுந்து போய்ப் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்தாள். “ஏட்டி, விசா வேணும், டிக்கெட் வேணும்” என்றேன். “அதை நீங்க பாருங்க. எனக்குப் பெட்டி வேணும்” என்றாள். மறுநாள் வடலூருக்குப் போய்ச் சபையில் விளக்கின் முன் நின்றுவிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாய் என்று நான் கேட்கவில்லை. சொன்னாலும் எனக்குக் கேட்காது.

அண்ணி சுவரில் செங்கல் எடுத்தது நினைவிருக்கிறதா? பேச்சி புதுப்பெண்ணாகக் கோவில்பட்டியிலிருந்து வந்து, நான் நைட் ஷிஃப்டுக்குப் போனால் தனியாகப் படுக்கப் பயந்து அழுதாள். “தெருவைச் சுத்தி எதுக்குடி வர்ற” என்று அண்ணி கொல்லைச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்குக் கல்லைப் பெயர்த்தார்கள். ‘அனுமதியின்றித் திறப்பு ஏற்படுத்தியது’ என்று நகரிய அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ‘அது திறப்பு அல்ல, தேய்மானம்’ என்று நீங்கள் பதில் எழுதினீர்கள். பதினைந்து வருடம் அந்தத் தேய்மானத்தின் வழியாகக் குழம்பு போய் வந்தது.

நான் அக்டோபரில் ஓய்வு பெறுகிறேன். அதுவரை வெளிநாடு போக ஆபீஸில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். செக்ஷனில் தெய்வசிகாமணி என்பவர் இருக்கிறார். என் காதோரம் வந்து உரக்கப் பேசுவார்.

“யாரைப் பாக்கப் போறீங்க?”

“அண்ணியை. உடம்பு முடியல.”

“கூடப் பொறந்த அண்ணன் சம்சாரமா?”

“கூடக் குடியிருந்த அண்ணன்.”

“சார், கூடக் குடியிருந்ததுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்ல. நண்பர்னு போட்டீங்கன்னா ஃபைல் இந்த மேசைய வுட்டு நவுறாது. அண்ணன்னு போடுங்க.”

யோசித்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறேன். பொய் எழுதுகிற உணர்ச்சி வரவில்லை. ‘உறவுமுறை: அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விசா படிவத்திலும் அதையே எழுதப் போகிறேன். ஒரே ஆளைப் பற்றி இரண்டு அலுவலகத்தில் இரண்டு விதமாக எழுதுவது முறையல்ல.

பர்மனன்ட் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஜெர்மனி போனவரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் தெய்வசிகாமணி எழுந்து நின்றுவிட்டார். அப்படி ஒருவர் இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாராம். கட்டுக்கதை என்று நினைத்திருந்தாராம்.

என்றும் உங்கள் தம்பி
ஜெயராமன்


லைப்சிக்
9 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் வராமல் இருக்கட்டும். இப்போது வரக் கூடாது.

என் பெயரில் அழைப்புப் பத்திரம் தயார். இங்கே அதை ஊர் அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். நீங்கள் இருக்கும் வரை சோறு, வைத்தியம், திரும்ப அனுப்பும் செலவு எல்லாம் தன் பொறுப்பு என்று இசைப்பிரியா கையெழுத்திட்டாள். படிவம் முழுக்க ஜெர்மன். அவளே நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

நான் இங்கே வேலை பார்த்த நிலக்கரிச் சுரங்கத்தில் இப்போது தண்ணீர் விட்டு ஏரியாக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை பிரவீன்குமார் போன ஞாயிறு காரில் கூட்டிப்போனான். நிலக்கரி சுமந்து கன்வேயர் பெல்ட் ஓடிய இடத்தில் வாத்துகள். பெல்ட் பத்து மில்லிமீட்டர் விலகினாலும் நிறுத்தி நேர் செய்வேன் என்பது உனக்குத் தெரியும். வாத்துகள் இஷ்டத்துக்குப் போகின்றன. கேட்க ஆளில்லை.

உன் கடிதத்தை வாசித்தபோது தேய்மானம் வந்த இடத்தில் செங்கமலம் சிரித்தாள். முகத்தில் பாதிதான் சிரித்தது. பிறகு ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லிக் கையைக் காட்டினாள். அது பேச்சிக்கு. பிரவீன்குமார் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். கட்டில் கம்பியை அடித்து எழுப்பிவிட்டாள். எத்தனை மாதம் என்று விரலால் கேட்டாள். மூன்று காட்டினேன். என் விரலில் ஒன்றைப் பிடித்து மடக்கினாள்.

புள்ளி கீழே. இந்த முறை காகிதம் பிழைத்தது.

உன் அண்ணன்
குஞ்சிதபாதம்


நெய்வேலி
11 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே வெயிலைத் தவிர எல்லோரும் மிதமாக இருக்கிறோம். அண்ணி சாப்பிடுகிறார்களா என்று பேச்சி கேட்கிறாள். பண்ருட்டி முந்திரி வாங்கியிருக்கிறாள். அதை அரைத்துக் கஞ்சியில் விடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்கிறாள். ஜெர்மனில் கஞ்சிக்கு என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

சென்னையில் விசா மையத்துக்குப் போய் வந்தோம். படத்தில் காது தெரிய வேண்டும் என்று இரண்டாம் தடவை எடுத்தார்கள். காது நன்றாகத் தெரிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து கேள்வி கேட்டார். உதடு அசைந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. பேச்சி உரக்கச் சொல்லச் சொல்ல நான் பதில் சொன்னேன்.

“கூப்பிட்டவர் உங்களுக்கு என்ன உறவு?”

“அண்ணன்” என்றேன்.

“அக்கா வீட்டுக்காரர்” என்றாள் பேச்சி அதே சமயத்தில்.

அந்தப் பெண் இரண்டையும் எழுதிக்கொண்டு, “அண்ணனும் தம்பியும் அக்காவையும் தங்கச்சியையும் கட்டியிருக்கீங்களா?” என்றார். பேச்சி என்னைப் பார்த்தாள். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். “ஆமாம்மா” என்றாள். விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தால் இன்னும் அங்கேதான் இருந்திருப்போம்.

நீங்கள் திரும்பி வருவதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். வேலை இருக்கிறது, அக்டோபர் வரை. வீடு இருக்கிறது, அதுவும் கம்பெனி குவார்ட்டர்ஸ், வேலையோடு போய்விடும். பிள்ளைகள் இல்லை. “கேஸ் சிலிண்டர் புக் பண்ணியிருக்குன்னு எழுதுங்க” என்றாள் பேச்சி. எழுதவில்லை. எழுதியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

பதினைந்து நாளில் பதில் வரும்.

உங்கள் தம்பி
ஜெயராமன்


லைப்சிக்
30 ஏப்ரல் 2024

அன்புள்ள தம்பிக்கு,

நலந்தானே? பத்தொன்பது நாள் ஆகிறது. ஏதாவது தெரிந்ததா?

செங்கமலம் சாப்பிடுவது குறைந்துவிட்டது. முந்திரிக்கஞ்சி பற்றி டாக்டரிடம் கேட்டேன். எது பிடிக்குமோ கொடுங்கள் என்றார். அப்படி அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. புள்ளியில் ஒன்று காகிதத்தை விட்டுப் போர்வையில் விழுந்துவிட்டது. இரண்டுதான் தெரியும். மூன்று என்று வைத்துக்கொள்.

உன் அண்ணன்
குஞ்சிதபாதம்


நெய்வேலி
8 மே 2024

மதிப்பிற்குரிய குடும்ப நண்பர் திரு. குஞ்சிதபாதம் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க விழைகிறேன்.

விசா மறுக்கப்பட்டது. அச்சடித்த தாளில் இரண்டு கட்டங்களில் டிக் செய்திருக்கிறார்கள். ஒன்று, நாங்கள் திரும்பி வருவோம் என்று நம்பக் காரணம் இல்லை. மற்றொன்று, பயணத்தின் நோக்கம் பற்றி நாங்கள் சொன்னது நம்பத் தக்கதாக இல்லை. காரணத்தைக் கீழே விளக்கியிருக்கிறார்கள். விண்ணப்பதாரர் தன்னை ‘தம்பி’ என்கிறார். அழைத்தவர் பத்திரத்தில் அவரைக் ‘குடும்ப நண்பர்’ என்கிறார். தகப்பனார் பெயரும் வேறு, சொந்த மாவட்டமும் வேறு.

தெய்வசிகாமணியிடம் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தடவை சரிபார்த்தேன். தங்கள் பத்திரத்தில் உள்ளதே சரி. சட்டப்படி நாம் நண்பர்கள். முப்பத்தொரு வருடமாகத் தங்களை வேறு விதமாக அழைத்து வந்ததில் ஆட்சேபம் இருந்ததைத் தாங்கள் முன்பே தெரிவித்திருக்கலாம். படிவங்களில் பிழை நேராமல் இருந்திருக்கும்.

பேச்சி பெட்டியைத் திரும்பப் பரண் மேல் வைக்கவில்லை. கட்டிய பெட்டி நடுவீட்டில் அப்படியே இருக்கிறது.

தங்கள் நண்பன்
செ. ஜெயராமன்


லைப்சிக்
22 ஜூன் 2024

அன்புள்ள தம்பி ஜெயராமனுக்கு,

நீயும் பேச்சியும் சுகமா? பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. இங்கே வேலை அதிகம்.

‘நண்பர்’ என்று போட்டது இசைப்பிரியா. உறவு என்றால் ரத்த சம்பந்தத்துக்குச் சான்று கேட்கிறார்கள். கொல்லைச் சுவருக்குச் சான்று எங்கே வாங்குவது? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான். தப்பு என்னுடையது. நீ எழுதியது சரி.

மறுபடியும் விண்ணப்பம் போடு, தம்பி. இந்த முறை நண்பர் என்றே எழுது. செங்கமலம் அப்படியேதான் இருக்கிறாள். நீங்கள் சமையலறையில் படுக்க வேண்டாம். ஹாலிலேயே இடம் தாராளமாக இருக்கிறது. பிள்ளைகள் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். இப்போது இங்கே பகல் பதினாறு மணி நேரம். முடியவே மாட்டேன் என்கிறது.

வழக்கம்போல் கீழே புள்ளி.

உன் அண்ணன்
குஞ்சிதபாதம்


நெய்வேலி
28 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் உடம்பால் நலம். மே மாதம் நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். போனில் வந்ததை எப்படிக் கிழிப்பது என்று தெரியவில்லை. கிழித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு அதை வாசித்துக் காட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மறு விண்ணப்பத்துக்காகத் தெய்வசிகாமணியைப் பார்த்தேன். சான்றில் ‘அண்ணன்’ என்பதை ‘நண்பர்’ என்று மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“மாத்தலாம் சார். முன்னாடி எழுதுனது பொய்யின்னு ஒரு லெட்டர் குடுங்க.”

“பொய் இல்லையே.”

“அப்ப எதுக்கு மாத்தறீங்க?”

அங்கே அண்ணன் என்றால் விடமாட்டார்கள், இங்கே நண்பர் என்றால் விடமாட்டார்கள். அக்டோபருக்குப் பிறகு எனக்குச் சான்றே தேவையில்லை, நண்பர் என்று தாராளமாக எழுதலாம் என்று தெய்வசிகாமணி தேற்றினார். அப்போது வேலையும் இருக்காது, குவார்ட்டர்ஸும் இருக்காது. திரும்பி வருவதற்குக் காட்ட அந்த சிலிண்டர்தான் மிச்சம். அவரும் என்ன செய்வார்? டீ வாங்கிக் கொடுத்தார்.

அண்ணியின் புள்ளிகளைப் பார்த்தேன். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில், சம இடைவெளியில் இருக்கின்றன. கை தேறி வருகிறது என்று பேச்சியிடம் சொன்னேன். அவள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து முந்திரியை எடுத்து டப்பாவில் கொட்டி வைத்தாள்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருக்கிறது, அண்ணே.

உங்கள் தம்பி
ஜெயராமன்


நெய்வேலி
14 ஜூலை 2024

குஞ்சிதபாதம் அண்ணனுக்கு,

பேச்சியம்மாள் எழுதுகிறேன். நான் சொல்ல இவர் எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை நானே எழுதுகிறேன். இவருக்குத் தெரியாது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அண்ணே, அந்தப் புள்ளி அக்கா வைத்தது இல்லை. அக்கா நல்ல கையால் வைத்தபோதே புள்ளி வரிசை தெற்கே இழுக்கும். நான்தான் பின்னாலேயே போய்த் திருத்துவேன். இவ்வளவு நேராக வைக்கிற ஆள் நம் வரிசையில் ஒருவர்தான். கட்டில் எங்கே போயிற்று என்றும் நான் கேட்க மாட்டேன்.

கல்யாணத்துக்கு என்றால் கூப்பிட்டால்தான் போவோம். துக்கத்துக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, காதில் விழுந்தால் கிளம்புவோம். இந்த விசாக்காரர்கள் துக்கத்துக்கும் அழைப்புப் பத்திரம் கேட்பார்கள் போல. அதனால் நேற்று பஸ் ஏறிப் பிளாக் ஏழுக்குப் போனேன். நம் வரிசை முழுக்க இடிக்கப் போகிறார்களாம், முள்கம்பி போட்டிருக்கிறார்கள். வாசலில் கான்ட்ராக்ட் செக்யூரிட்டி. சட்டையில் அறிவுச்செல்வன் என்று இருந்தது.

“எங்கம்மா போறீங்க?”

“115-க்கு.”

“115-ல பாம்புதான் குடியிருக்குது. யாரைப் பாக்கணும்?”

“அங்க இருந்தவங்க தவறிட்டாங்க. துக்கம் கேக்கணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். “யாரு, சொந்தமா? எழுதிக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அண்ணே. இங்கேயும் அந்தக் கட்டம்தான். அண்ணன் என்று சொல்லிப் பட்டது போதும், நண்பர் என்று சொல்லிப் பட்டதும் போதும் என்று, “பக்கத்து வீடு” என்றேன்.

“பக்கத்து வூடா? அத மொதல்ல சொல்றதுக்கு என்னா? போங்க. பத்து நிமிசம். மேஸ்திரி வந்துகினு இருக்காரு.”

நோட்டில் அப்படியே எழுதினார், ‘பக்கத்து வூடு’ என்று. நான் நின்று பார்த்தேன்.

114-க்குள் போய்க் கொல்லை வழியாகத்தான் போனேன். அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. முன்பு சாத்தி வைத்த தகரம் துருப்பிடித்துக் கிடக்கிறது. குனிந்து நுழைய இப்போது இடுப்பு விடவில்லை, உட்கார்ந்து நகர்ந்துதான் அந்தப் பக்கம் போனேன். அக்கா துவைக்கிற கல் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அழ வரவில்லை. கட்டிப்பிடிக்க எதிரில் ஒருத்தி இருந்தால்தான் எனக்கு அழுகை வரும். பத்து நிமிடத்தில் விசில் அடித்தார். வந்துவிட்டேன்.

இனிமேல் நீங்கள் புள்ளி வைக்க வேண்டாம். என்றைக்கு என்று மட்டும் எழுதுங்கள். சோறு வைத்துக் கும்பிடத் தேதி வேண்டும்.

பேச்சியம்மாள்


லைப்சிக்
15 ஜூலை 2024

அன்புள்ள பேச்சியம்மாளுக்கு,

நான் சாப்பிடுகிறேன். உன் வீட்டுக்காரனுக்கும் இதை வாசிக்கக் கொடு.

மே பத்தொன்பது, ஞாயிறு, காலை ஆறேகால்.

அவள் உடம்புதான் நீங்கள் இங்கே வருவதற்குக் காகிதத்தில் இருந்த ஒரே காரணம். அதுவும் இல்லை என்றால் விண்ணப்பத்தில் எழுத ஒன்றும் இருக்காது. என்னைப் பார்க்க என்று எழுதினால் எந்த அலுவலகமும் சிரிக்கும். அதனால் புள்ளி வைத்தேன். கோணலாக வைக்கத்தான் பார்த்தேன். வரவில்லை.

தம்பி மே எட்டாம் தேதி எழுதியதை அவளுக்கு வாசிக்கவில்லை என்று சொன்னால் அவன் நிம்மதியாக இருப்பான். ஆனால் போன் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. வாசி என்று மெத்தையைத் தட்டினாள். ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்று தொடங்கினேன். விசா கிடைத்துவிட்டது என்று வாசித்தேன். கட்டிய பெட்டி நடுவீட்டில் இருக்கிறது என்று அவன் எழுதியிருந்தானே, அதை மட்டும் உள்ளபடியே வாசித்தேன்.

எத்தனை நாள் என்று விரலால் கேட்டாள். வாயில் வந்தபடி பத்து என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு கைதானே. தினமும் ஒரு விரலாக மடக்கினாள். ஐந்து முடிந்ததும் கையை விரித்து, மறுபடி முதலிலிருந்து மடக்கினாள். பதினெட்டாம் தேதி கடைசி விரல். அன்று காலையில் நாற்காலியை ஜன்னல் பக்கமிருந்து வாசலைப் பார்க்கத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

திருப்பிப் போட்டேன்.

பக்கத்து வூடு
குஞ்சிதபாதம்